பனியன் வேஸ்ட், ராக்வூல், முட்டை அட்டை: திருப்பூர் மாடி அறை ஒன்றில் ஒலிச் சோதனை

வீட்டில் குரல் பதிவு செய்கிறவர்களுக்கு இரண்டு விதமான அறிவுரை தாராளமாகக் கிடைக்கும். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுங்கள் என்பார் ஒருவர். அட்டையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கடையில் ஃபோம் வாங்குங்கள் என்பார் இன்னொருவர். அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. திருப்பூரில் என் தங்கை வீட்டு மாடி அறையை அளந்து, அந்த ஊரிலேயே கிடைக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தோம். அதில் இரண்டு அறிவுரையுமே பாதிதான் நின்றது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் தங்கள் அறையிலும் செய்து பார்க்கத் தோதாக, செய்த முறையோடு எழுதுகிறேன்.

அறையும் அதன் குறையும்

12 அடி நீளம், 10 அடி அகலம், தளம் வரை 10 அடி உயரம். செங்கல் சுவர், வழவழப்பான பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம். ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு மர மேஜை, மரக் கதவு, கண்ணாடி ஜன்னல். நம் ஊரில் கட்டப்படும் வீடுகளில் பாதி அறைகள் இப்படித்தான் இருக்கும்.

தங்கையின் கணவர் அங்கே உட்கார்ந்து ஒலிநூல்களுக்கு வாசிக்கிறார். அவர் முதுகுப் பக்கச் சுவர் ஏற்கெனவே முட்டை அட்டைக்குள் மறைந்திருந்தது. "மச்சான், செவுரு பூரா அட்டை ஒட்டியாச்சுங்க. கூச்சல் கொறஞ்சிருக்கு. ஆனா அந்தக் கும்முனு வர்ற சத்தம் மட்டும் போகவே மாட்டேங்குது" என்றார். அவர் அனுப்பிய பதிவைக் கேட்டால் சொன்னது அப்படியே இருந்தது. மேல் ஒலி மங்கி, கீழே மட்டும் கனத்து, பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போன்ற குரல்.

கும்மென்று வருவதற்குக் காரணம் அறையின் அளவிலேயே இருக்கிறது. ஒலி இரண்டு சுவர்களுக்கு நடுவே போய் வரும்போது, அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அதிர்வெண்கள் மட்டும் தங்கிவிடும். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தை இடைவெளியின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 349 மீட்டர். 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ் வரும், 10 அடிக்கு 57. அதன் இரட்டிப்புகளும் தங்கும், அதாவது 95, 114.

இந்த அறையில் அகலமும் உயரமும் ஒன்றே. ஆகவே 57, 114 இரண்டும் இரண்டு திசைகளிலும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. மாப்பிள்ளையின் குரல் சாதாரணமாக வாசிக்கையில் 110க்கும் 120க்கும் நடுவில் புழங்குவது. போதாக்குறைக்கு நாற்காலி அறையின் நட்ட நடுவில் கிடந்தது. 114 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் அகலத்தில் இரண்டு சுவர் ஓரங்களிலும் நடுவிலும்தான் உச்சமாக இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் அதைவிட மோசமான இடம் அந்த அறையில் கிடையாது.

வீடு கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பதிவு அறைக்கென்று ஒரு அறை ஒதுக்குவதாக இருந்தால், தள உயரமும் அகலமும் ஒன்றாக வராமல் ஓர் அடியாவது மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் எந்தப் பஞ்சும் செய்யாத உதவியை அந்த ஓர் அடி செய்யும்.

எப்படி அளந்தோம்

இந்த மாதிரி சோதனைக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் இருந்த விரிவுரை அரங்கம் பேச்சே புரியாமல் எதிரொலித்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. வெறும் அரங்கில் ஒலி அடங்க சுமார் ஐந்தரை நொடி ஆனது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, 512 ஹெர்ட்ஸ் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, அடங்கும் நேரத்தைக் காதாலும் கடிகாரத்தாலும் அளந்தார். இன்றும் உலகம் பயன்படுத்தும் கணக்கு அந்த மெத்தைகளிலிருந்து வந்தது: அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161 ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சலால் (முழுதாக உறிஞ்சும் பரப்பாகக் கணக்கிட்டு, சதுர மீட்டரில்) வகுத்தால், ஒலி 60 டெசிபல் அடங்க எத்தனை நொடி ஆகும் என்பது கிடைக்கும். இரவு வேலை எங்களுக்கும் வாய்த்தது. பகலில் தெருவில் நிட்டிங் மெஷின் ஓட்டம், கீழ்வீட்டு மிக்ஸி எல்லாம் சேர்ந்து அளவைக் கெடுத்துவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. ஐந்து அங்குலக் கோன் கொண்ட ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், அளவீட்டுக்கான ஒரு மைக், லேப்டாப், அதில் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள். அது அடியிலிருந்து உச்சம் வரை ஒரு ஒலியை ஊதலாக இழுத்துச் சென்று, அறை அதை எப்படித் திருப்பித் தருகிறது என்று வரைந்துவிடும். பலூன் உடைத்தும் பார்க்கலாம், ஆனால் பலூனில் கீழ் ஒலி வலுவாக வராது. இங்கே சிக்கலே கீழ் ஒலியில்தான்.

முறையில் மட்டும் கறாராக இருந்தோம். ஸ்பீக்கர் ஒரு மூலையில். மைக் வைக்கும் மூன்று இடங்களில் தரையில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் குறி. உயரத்துக்கு மைக் ஸ்டாண்டிலும் ஒரு குறி. ஜன்னல், கதவு எப்போதும் சாத்தியே. ஃபேன் அணைத்தே. அறையில் எப்போதும் ஒரே ஆள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இதில் ஒன்று தவறினாலும், குறைந்த எதிரொலி பேனலால் குறைந்ததா, கட்டிலில் யாரோ போட்டுவிட்டுப் போன போர்வையால் குறைந்ததா என்று தெரியாமல் போகும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சபைன் கணக்கு பெரிய அரங்குக்கு ஒத்துவரும். சின்ன அறையில் அது ஓர் எல்லைக்கு மேல்தான் செல்லும். 34 கன மீட்டருள்ள இந்த அறையில் அந்த எல்லை, எதிரொலி நேரத்தைப் பொறுத்து, 220 முதல் 430 ஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே நொடிக் கணக்கை நம்பக் கூடாது. எந்த அதிர்வெண் எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று வாட்டர்ஃபால் வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

ஒவ்வொன்றாக

முட்டை அட்டைகளைக் கழற்றிவிட்டு வெறும் அறையை அளந்தோம். நடு அதிர்வெண்களில், அதாவது 500 முதல் 2000 வரை, 1.6 நொடி. கை தட்டினால் 'ட்ர்ர்' என்று ஓர் உதறல் கேட்டது. அது 10 அடிச் சுவர்களுக்கு நடுவே ஒலி நொடிக்கு 57 முறை போய்வருவதால் வருவது.

அட்டைகளைத் திரும்ப வைத்ததும் 1000 ஹெர்ட்ஸில் 1.6 நொடி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆக, பயனே இல்லை என்பது உண்மை அல்ல. ஒரு சுவர் முழுக்க என்றால் அது 9 சதுர மீட்டருக்கு மேல். அவ்வளவு பரப்பில் கூழ்க்காகிதம் நடு ஒலியையும் மேல் ஒலியையும் நன்றாகவே தின்கிறது. ஆனால் 250க்குக் கீழே, அட்டை வைத்த கோடும் வைக்காத கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. 114 துளியும் அசையவில்லை. மேலே மட்டும் அடங்கி கீழே அடங்காததால், முன்பு கூச்சலில் மறைந்திருந்த கும்மென்ற ஓசை இப்போது தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டது. மாப்பிள்ளை சொன்ன குறைக்கு இதுதான் விளக்கம். அப்புறம் இது சுவர் முழுக்கக் காய்ந்த காகிதம், பக்கத்திலேயே பிளக் பாயின்ட். நான் திரும்ப ஒட்டவிடவில்லை.

பவானி ஜமக்காளத்தைச் சுவரோடு ஒட்டிக் கட்டியபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதையே மடிப்பு விழத் தொங்கவிட்டு, சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிக் கட்டியதும் 1000க்கு மேலே கணிசமாகக் குறைந்தது. துணி அதேதான், இடைவெளிதான் வேலை செய்தது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள்கள் அசைவதே இல்லை. அசைவு உச்சத்தில் இருப்பது அலைநீளத்தின் கால் பங்கு தள்ளி. 1000 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கால் பங்கு 9 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 87 சென்டிமீட்டர். ஓர் அங்குல ஃபோமைச் சுவரில் ஒட்டிக் கீழ் ஒலியை அடக்க முடியாது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

தென்னை நார் மேட் தூசு கொட்டியது, மெல்லியதும்கூட. அதோடு விட்டுவிட்டோம்.

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது பனியன் வேஸ்ட் பேனல். திருப்பூரில் பனியன் துணி வெட்டி மிஞ்சும் கட்டிங் துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கும், மெஷின் துடைக்க வாங்கிப் போவார்கள். நாலு அடிக்கு இரண்டு அடி, நாலு அங்குல ஆழத்தில் மரச்சட்டம் அடித்து, பின்பக்கம் பிளைவுட் போடாமல் கோழி வலை அடித்து, உள்ளே துண்டுகளை நிரப்பி, முன்பக்கம் காடா துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடித்தோம். துணி தேர்வதற்கு ஒரே சோதனை போதும்: வாயில் வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டும். ரெக்சின் மாதிரி காற்றுப் புகாததைப் போட்டால் மேல் ஒலி அப்படியே திரும்பிவிடும்.

எவ்வளவு அடைப்பது என்பதில்தான் சூட்சுமம். ஒரு சட்டத்தில் ஒன்பது கிலோ திணித்தும், இன்னொன்றில் நாலு கிலோவை உதிர்த்துப் பரப்பியும் பார்த்தோம். திணித்த பேனலை விரலால் அழுத்தினால் தலையணைபோல் அமுங்காமல் மூட்டைபோல் நின்றது, ஊதினாலும் காற்று உள்ளே போகவில்லை. காற்று உள்ளே போய் நாரோடு உரசினால்தான் ஒலி வெப்பமாக மாறி அடங்கும். இறுக்கியதில் அந்த உரசலுக்கு வழியே இல்லை. நாலு கிலோ பேனல் தெளிவாக முந்தியது. ஆனால் தளர்வாகப் போட்டது நாளடைவில் அடியில் இறங்கி, மேலே வெற்றிடம் விழும். அதனால் ஓர் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, அறை அறையாக நிரப்பினோம்.

அதே அளவுச் சட்டத்தில், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த நார்), இரண்டு அங்குலப் பலகை இரண்டை அடுக்கி இன்னொரு நாலு பேனல். இதை வெட்டும்போது முகமூடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். இல்லாவிட்டால் அன்றிரவு முழுக்க அரிப்பு.

நாலு ராக்வூல் பேனல் வைத்ததும் 1.6 நொடி 0.85 ஆனது. அவற்றை எடுத்துவிட்டு அதே இடங்களில் நாலு பனியன் பேனல் வைத்தபோது 0.88. சபைன் கணக்கில் திருப்பிப் போட்டால், ராக்வூல் தன் பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு நூறும், பனியன் வேஸ்ட் தொண்ணூற்று நாலும் உறிஞ்சியிருக்கின்றன. (கணக்கு சிலசமயம் நூறைத் தாண்டியும் வரும். பேனலின் ஓரங்களும் உறிஞ்சுவதால் அப்படி ஆவது, பரிசோதனைக் கூடங்களிலும் நடப்பதுதான்.) மூன்று மைக் இடங்களுக்குள்ளேயே அதைவிடப் பெரிய வித்தியாசம் இருந்ததால், குரலைப் பொறுத்தவரை இரண்டும் சமம் என்றே எடுத்துக்கொண்டேன். ராக்வூலின் உண்மையான மேன்மை வேறு இடத்தில் இருக்கிறது: அது எரியாது, பூச்சி அரிக்காது. பஞ்சு எரியும், பூச்சியும் அரிக்கும். அதனால் மின் இணைப்பு உள்ள சுவருக்கும் தளத்துக்கும் ராக்வூல், மற்ற சுவர்களுக்குப் பனியன் வேஸ்ட் என்று பிரித்தோம்.

தங்கை வீட்டுப் பரணில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டு கிடந்தன. அவற்றை இரண்டு மூலைகளில் குறுக்காக நிறுத்தினோம், பின்னால் முக்கோணமாகக் காற்றிடம் விட்டு. கீழ் ஒலிக்கு நன்றாக உதவியது இதுதான். எல்லா அறை அலைகளுக்கும் அழுத்தம் சேருமிடம் மூலை. மெத்தையின் நடுப்பகுதியோ சுவர்களிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கிறது. வாட்டர்ஃபாலில் 114 இருந்த இடத்தில் நீண்டு தொங்கிய வால் கண்ணுக்குத் தெரியக் குறுகியது.

நாற்காலியை நகர்த்தியது

அதற்குப் பின்னும் 114 மிச்சம் இருந்தது. இனி பேனல் சேர்த்து அடக்குவதென்றால் அறையில் ஆள் உட்கார இடம் இருக்காது. ஆனால் அகலத்தின் கால் பங்கில், அதாவது பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடியில், 114 அலையின் அழுத்தம் பூஜ்யம். அந்த இடத்தில் இருக்கும் வாய் அந்த அலையைத் தட்டி எழுப்பாது, அங்கே இருக்கும் மைக்குக்கு அது கேட்கவும் கேட்காது. மேஜையையும் நாற்காலியையும் அங்கே தள்ளினோம். பதிவில் அந்த மேடு 8 டெசிபல் அளவுக்கு இறங்கியது. காசு செலவில்லாத இந்த ஒரு காரியத்துக்கு ஈடாக அறையில் வேறு எதுவும் இல்லை.

சுவரோரம் போனதால் அந்தச் சுவரிலிருந்து வரும் முதல் எதிரொலி வலுக்கும். ஆகவே அங்கே இரண்டு பேனலைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மாட்டினோம். உயரத்திலும் ஒரு 114 இருக்கிறதே, அதற்காகத் தலைக்கு மேலே ஒரு ராக்வூல் பேனல். ஃபேனைக் கழற்றிவிட்டு அதன் கொக்கியிலேயே தொங்கவிட்டோம். மாப்பிள்ளைக்கு ஃபேன் போனதில் வருத்தம் இல்லை, வாசிக்கும்போது எப்படியும் அணைத்துத்தான் வைப்பார். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசித்து முடித்துவிடுகிறார்.

மேஜையிலும் ஒரு வேலை இருந்தது. பிரதி வைக்கும் மரச் சாய்வு மைக்குக்கு நேர் கீழே இருந்தது. வாயிலிருந்து நேராக வரும் ஒலியைவிட, மரத்தில் பட்டு வருவது சுமார் 34 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்தது. அது ஒரு மில்லி நொடித் தாமதம். அப்படி ஒரு தாமதத்தில் 500 ஹெர்ட்ஸிலும் 1500-லும் பள்ளம் விழும், இரண்டும் உயிரெழுத்துகளின் நிறம் தங்கும் இடம். சாய்வை மைக்குக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, மேஜை மேல் தேங்காய்ப்பூத் துண்டை இரண்டாக மடித்து விரித்ததும் பள்ளம் போயிற்று.

கடைசி அளவும் கேட்டதும்

எட்டு பேனல், இரண்டு மெத்தை, தரையில் ஜமக்காளம். முட்டை அட்டை இல்லை. நடு அதிர்வெண்களில் 0.4 நொடி. குரல் அறைக்கு 0.3 வரை இறக்கச் சொல்வார்கள். இந்த அறையில் அதற்குப் 18 சதுர மீட்டர் முழு உறிஞ்சல் வேண்டும், பேனலாகச் சொன்னால் ஏறத்தாழ இருபத்து நாலு. அவ்வளவு தேவையில்லை என்பதற்கு இன்னொரு கணக்கு உண்டு. நேரடி ஒலியும் அறை ஒலியும் சரிசமமாகும் தூரம் வெறும் அறையில் 26 சென்டிமீட்டராக இருந்தது. இப்போது 53. மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. முன்பு அந்த ஒரு சாணிலேயே அறை குரலுக்கு இணையாக வந்து கலந்தது. இப்போது வாசிப்பவர் சற்றுப் பின்னால் சாய்ந்தாலும் குரல் மாறுவதில்லை.

ஒரே பத்தியை, ஒரே மைக்கில், ஒரே தூரத்தில், கெயினை (மைக்கின் பதிவு அளவை) தொடாமல் நாலு நிலைகளில் பதிவு செய்து, ஒலி அளவைச் சமப்படுத்தி, எது எது என்று சொல்லாமல் தங்கையிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். அட்டை நிலைக்கு "இதுல மூக்கடைச்ச மாதிரி இருக்குண்ணா" என்றாள். கடைசி நிலையைக் கேட்டுவிட்டு, "இதுல பக்கத்துல உக்காந்து எனக்கு மட்டும் சொல்ற மாதிரி இருக்குங்ண்ணா. மூச்சுக்கூடத் தெரியுது" என்றாள். நான் வரைபடங்களை அவளிடம் காட்டவில்லை. அதே முடிவுக்கு அவள் காதாலேயே வந்துவிட்டாள்.

வெளிச் சத்தத்துக்கு இதில் எதுவும் மருந்தில்லை. கீழ்வீட்டுக் குக்கர் விசில் முன்பு எந்த அளவில் பதிவானதோ ஏறக்குறைய அதே அளவில்தான் இப்போதும் பதிவாகிறது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கக் கனமும், சந்து இல்லாத அடைப்பும் வேண்டும். சுவரின் கனத்தை இரட்டிப்பாக்கினால்தான் 6 டெசிபல் அளவுக்குக் குறையும். இந்த அறையில் ஓட்டை ஜன்னல்தான். இரண்டாவது கண்ணாடி ஒன்றை இடைவெளி விட்டுப் போட்டு, ஓரங்களில் ரப்பர் பீடிங் அடைப்பது தனி வேலை.

48, 57 இரண்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பேச்சுக் குரல் அந்த ஆழத்துக்கு இறங்காததால் ஒலிநூலுக்குப் பாதகமில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அண்ணன் மகன் தவில் வாசிக்கிறான், இங்கேயே பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறான். தவிலின் கனத்த பக்கம் அந்த ஆழத்துக்கு நெருங்கலாம். அதற்கு நாலு மூலையிலும் ஓரடி ஆழத்துக்கு மேல் நிரப்பி, தரையிலிருந்து தளம் வரை எழுப்ப வேண்டியிருக்கும். பரணில் இன்னும் மெத்தை இருக்கிறதா என்று தங்கையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.